தொலைபேசிக் கம்பி வழியே இணையம்: பழுது தேடிய காலத்தின் வரலாறு

சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, மறுத்துவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். கல்வெட்டும் செப்பேடும் ஆராய்ந்து எழுதவல்ல பெரியோர் நம்மிடையே உளர். நானோ பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, கால் நூற்றாண்டாக ரயில்வே அலுவலகத்தில் கோப்புக் கட்டி வருபவன். ஆயினும் சென்ற பொங்கல் விழாவின்போது நிகழ்ந்த ஒரு சிறு செய்தி என் மனத்தை மாற்றிற்று.

நூலக அறையிலிருந்து நாற்காலிகளை எடுக்க வந்த சிறுவர்கள், அலமாரியின் மேல் தட்டில் தூசி படிந்து கிடந்த ஒரு கறுப்புப் பெட்டியை இறக்கி, "மாமா, இது பழைய ரேடியோவா?" என்று கேட்டனர். "இதன் பெயர் மோடம். இதன் வழியாகத்தான் நம் சங்கத்திற்கு முதன்முதலில் இணையம் வந்தது" என்றேன். "தொலைபேசிக்கு எண் சுழற்றியா இணையம் வந்தது?" என்று ஒருவன் சிரித்தான். நம் கண்ணெதிரே நடந்த ஒன்று இதற்குள் பழங்கதையாகிவிட்டது. கல்வெட்டாவது கல்லில் நிற்கும். இதனை அறிந்தவர் நினைவு அவரோடு போய்விடும். ஆதலின் எழுதத் துணிந்தேன்.

குரல் செல்லும் வழியில் எண்கள்

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காக அமைந்தது. விநாடிக்கு ஏறத்தாழ 300 அதிர்வு முதல் 3,400 அதிர்வு வரையுள்ள ஒலியை மட்டுமே அது ஏற்றுச் செல்லும். கணிப்பொறியோ ஒன்று, சுழி என்னும் இரண்டே எண்களால் பேசுவது. அவ்வெண்களை இம்முனையில் ஒலியாக்கி அனுப்பவும், அம்முனையில் அவ்வொலியை மீண்டும் எண்களாக்கிக் கொடுக்கவும் ஒரு துபாஷி தேவை. அந்தத் துபாஷியே மோடம்.

1962இல் அமெரிக்காவில் வெளிவந்த பெல் 103 என்னும் மோடம் விநாடிக்கு 300 துணுக்குகளை அனுப்பிற்று. ஒரு லட்சம் எழுத்துள்ள நூலொன்றை அதன் வழியே வரவழைத்தால் ஏறக்குறைய 55 நிமிடம் ஆகும். அந்நாளில் அந்நாட்டுத் தொலைபேசிக் கம்பியில், நிறுவனத்தார் கொடுத்த கருவியைத் தவிர வேறெதனையும் பூட்டலாகாது என்பது விதி. டெக்ஸாஸ் மாநிலத்தைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர் என்பவர் தாம் செய்த கார்ட்டர்போன் என்னும் கருவிக்காக வழக்காடி 1968இல் வென்ற பின்னரே அக்கதவு திறந்தது. அது திறவாதிருந்தால் வீட்டு மோடம் என்ற பொருளே தோன்றியிராது எனலாம்.

1981இல் டென்னிஸ் ஹேஸ் என்பவரின் நிறுவனம் ஸ்மார்ட்மோடம் என்பதை வெளியிட்டது. பெரும்பாலோர் அதுவரை கையால் எண்ணைச் சுழற்றி, எதிர்முனையின் கீச்சொலி கேட்டதும் தொலைபேசியின் காதுக்குழலை மோடத்தின் மேல் கவிழ்த்து வைத்தனர். இப்புதிய மோடத்திற்கோ கணிப்பொறியே எழுத்தால் ஆணையிடலாம். ஏ, டி என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளை அடித்தால், அணிவகுப்பில் 'அட்டென்ஷன்' என்று கூவுவது போல் அதற்குப் பொருள். மோடம் 'ஓ.கே.' என்று விடை தரும். அவ்விரண்டு எழுத்துக்குப் பின் வேறு எழுத்துகளைச் சேர்த்து, எண்ணைச் சுழற்று, தொடர்பை அறு, பழைய நிலைக்குத் திரும்பு என்றெல்லாம் பணிக்கலாம். எண்ணை ஒலியால் சுழற்றுவதற்கு ஓர் எழுத்து, துடிப்பால் சுழற்றுவதற்கு வேறோர் எழுத்து. இந்தத் துடிப்பு முறை, 1891இல் ஆல்மன் ஸ்ட்ரோஜர் காப்புரிமை பெற்ற தானியங்கி இணைப்பகத்தின் வழிவந்த பழைய இணைப்பகங்களுக்கு உரியது. ஸ்ட்ரோஜர் சவ அடக்கத் தொழில் செய்தவர். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை இணைப்பகப் பெண்மணி போட்டிக் கடைக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற ஐயத்தால் அதனைக் கண்டுபிடித்தார் என்பர். மனத்தாங்கலிலிருந்தும் சில நன்மைகள் பிறக்கின்றன!

வேகம் படிப்படியாக ஏறிற்று. 1984இல் 9,600 துணுக்கு, 1994இல் 28,800, 1998இல் 56,000 என்று சர்வதேச விதிகள் வகுக்கப்பட்டன. குரல் கம்பிக்கு அதற்கு மேல் இடமில்லை.

ஹெல்சிங்கி மாணவர்

லினக்ஸ் என்பது கணிப்பொறியை இயக்கும் அடிப்படை மென்பொருள். விலையின்றிக் கிடைப்பது, அதன் உள்ளமைப்பை எவரும் படித்துப் பார்க்கவும் திருத்தவும் உரிமை உடையது. அது பிறந்ததே ஒரு தொலைபேசி இணைப்பின் பொருட்டு என்பதைப் பலர் அறியார்.

பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஜனவரியில் ஒரு கணிப்பொறி வாங்கினார். வீட்டிலிருந்தே மோடம் வழியாகப் பல்கலைக்கழகக் கணிப்பொறியை அடைய அவர் ஒரு சிறு நிரலை எழுதினார். விசைப்பலகையில் அடிப்பதை மோடத்திற்கு அனுப்ப ஒரு பணி. மோடத்தில் வருவதைத் திரையில் காட்ட மற்றொரு பணி. இரண்டும் மாறி மாறி நடைபெற வேண்டும். வந்த கோப்புகளைச் சேமிக்க வட்டில் எழுதும் வசதியையும் சேர்த்தார். இவ்வாறு சேர்த்துச் சேர்த்துப் போனதே ஓர் இயக்க மென்பொருளாக வளர்ந்தது. ஆகஸ்டு 25ஆம் நாள் அதனை உலகுக்கு அறிவித்தபோது அவருக்கு வயது 21.

இடையில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. ஒரு நாள் எண் சுழற்றும் ஆணையை மோடத்திற்கு அனுப்புவதற்கு மாறாகத் தவறுதலாகத் தம் வட்டுக்கே அனுப்பிவிட்டார். வட்டா எண்ணைச் சுழற்றும்? அதிலிருந்த மினிக்ஸ் என்னும் பழைய இயக்க மென்பொருள் அழிந்தது. அதனை மீண்டும் நிறுவுவதைவிடத் தம்முடையதையே முழுமையாக்கிவிடலாம் என்று துணிந்தார். இன்று உலகெங்கும் இயங்கும் ஒரு பெரும் பொருளின் வரலாற்றில், எண் சுழற்றியதில் நேர்ந்த பிழை ஒன்றுக்கும் இடம் இருப்பதை எண்ணி வியக்கிறேன்.

தொலைபேசிக் கம்பியில் இரு கணிப்பொறிகள் எவ்வாறு உரையாட வேண்டும் என்பதற்கும் விதி தேவைப்பட்டது. 1988இல் ஏட்டில் ஏறிய ஸ்லிப் என்னும் எளிய முறையில் பிழை காணவோ ஆள் அறியவோ வழியில்லை. 1989இல் தோன்றி 1994இல் நிலைபெற்ற பி.பி.பி. என்னும் முறை அக்குறையைப் போக்கிற்று. அதனை லினக்ஸ் போன்ற இயக்க மென்பொருள்களில் நடத்திவைக்கும் நிரலைப் பல ஆண்டுகள் பேணி வளர்த்தவர் ஆஸ்திரேலியரான பால் மக்கரஸ்.

நம் நாட்டில்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய சேவையை 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் தொடங்கிற்று. முதலில் சேவை பெற்ற நகரங்களுள் நம் கல்கத்தாவும் ஒன்று. தனி மனிதர் 250 மணி நேரத்திற்கு 5,000 ரூபாய் செலுத்த வேண்டும்; வேகம் விநாடிக்கு 9,600 துணுக்கு. தொலைபேசிக் கட்டணம் தனி. நம் போன்ற குடும்பங்கள் எட்டி நின்று கேட்டு மகிழ்ந்ததோடு சரி. 1998 இறுதியில் தனியார் சேவையாளரும் அனுமதிக்கப்பட்ட பின்னரே விலை இறங்கிற்று.

லினக்ஸ் நம் நாட்டில் பரவியதற்கு ஒரு பத்திரிகையின் தொண்டு பெரிது. பீ.சி. குவெஸ்ட் என்னும் ஆங்கில இதழ் 1996 முதல் லினக்ஸைக் குறுந்தகட்டில் பதித்து இதழோடு வழங்கிற்று. அம்முயற்சியின் முன்னோடி, 2013இல் மறைந்த அதுல் சிட்னிஸ். இணையம் இல்லாதவனும் இதழ் ஒன்றை வாங்கினால் லினக்ஸ் அவன் வீட்டிற்கு வந்தது. தகட்டினுள் வழிகாட்டி நூல்களும் இருந்தன. பின்னால் எங்களைக் காப்பாற்றியவை அவையே.

சங்கத்தின் கணிப்பொறி

நிற்க. இனி நம் கதைக்கு வருவோம்.

2001ஆம் ஆண்டு நம் ஞாயிறு தமிழ் வகுப்பு மிகவும் மெலிந்திருந்தது. நாட்டிலிருந்து பாடநூல் வருவது அரிது. வந்தாலும் பள்ளி ஆண்டு பாதி கழிந்திருக்கும். கரும்பலகையில் எழுதிப்போட்டே பாடம் நடந்தது. அவ்வமயம் மதுரைத் திட்டம் என்னும் முயற்சி பற்றி நாங்கள் கேள்வியுற்றோம். சுவிட்ஸர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் தலைமையில் 1998 பொங்கலன்று தொடங்கிய அத்திட்டத்தில், உலகெங்குமுள்ள தமிழர்கள் ஊதியமின்றித் தமிழ் நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் வைத்து வந்தனர். ஔவையார் நூல்களும் திருக்குறளும் விலையின்றிக் கிடைக்கும். அச்சிட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். கணிப்பொறி வாங்கலாம் என்று பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசியவர்களுள் நானும் ஒருவன். அப்போது வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை.

வீடு வீடாகத் திரட்டிய பணத்தில் கணிப்பொறி வந்தது. விண்டோஸுக்குப் பணமில்லை, திருட்டுப் பிரதியைப் போட அப்போதைய தலைவர் இணங்கவில்லை. "ஔவையாரைத் திருட்டுச் சாமானில் ஏற்றி வரவேண்டாம்" என்றார். காலனிக் கல்லூரி மாணவர் ஒருவர் லினக்ஸை நிறுவிவிட்டு, மறு வாரமே வேலை கிடைத்துப் பெங்களூர் சென்றுவிட்டார். இணைய இணைப்பு மட்டும் கிடைக்கவில்லை. மூன்று மாதம் கணிப்பொறி மேஜையின் மேல் மௌனமாக இருந்தது. ஜூன் மாதக் கூட்டத்தில், மாத முடிவிற்குள் சரியாகாவிட்டால் விற்றுவிடுவது என்று தீர்மானம் ஆயிற்று. என்னைப் பார்த்து எவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கூட்டம் கலைந்தபின் என்னிடம் வந்தவர், ரயில்வே சிக்னல், தந்திப் பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். பெயர் சொல்லாமலே காலனியில் மூத்தவர்கள் அவரை அறிவர். அவர் கணிப்பொறியைத் தொட்டவரல்லர். ஆனால் தஞ்சையிலிருந்து இங்கு வந்த நாள் முதல் தந்திக் கம்பிகளோடே வாழ்ந்தவர்.

"தம்பி, அந்தப் பெட்டியில் என்ன பழுது?" என்றார்.

"இணையம் வரவில்லை, ஐயா."

"வரவில்லை என்பது பழுதின் பெயரன்று. கம்பி பழுது என்று சொல்பவன் ஒன்றும் காணாதவன். இன்ன தூணுக்கும் இன்ன தூணுக்கும் இடையில் பழுது என்று சொல்பவனே கண்டவன்."

தந்திக் கம்பியின் பழுது மூன்றே வகை என்று அவர் விளக்கினார்: கம்பி அறுதல், கம்பி மண்ணைத் தொடுதல், கம்பியோடு கம்பி உரசுதல். நூறு மைல் கம்பியில் இவற்றுள் எது, எங்கே என்று காண, எவரும் முதல் தூணிலிருந்து நடந்து போவதில்லை. நடு ஸ்டேஷனில் கம்பியைப் பிரித்து இரு பக்கமும் சோதிப்பர். பழுது எப்பாதியில் உள்ளதோ அப்பாதியை மீண்டும் பாதியாக்குவர். இந்தியாவில் தந்திக்கு ஊரே இதுதான் என்பதையும் அவரே எனக்குச் சொன்னார். 1839இல் நதிக்கு அக்கரையில் தாவரத் தோட்டத்தின் அருகே ஓஷானஸி என்னும் மருத்துவர் சோதனைக் கம்பி கட்டினார்; 1851இல் இங்கிருந்து டயமண்ட் ஹார்பருக்குத் தந்தி சென்றது. "ஓஷானஸிக்கும் முதல் நாள் செய்தி போயிருக்காது" என்றார்.

மறு நாள் மாலை அவர் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்துடன் வந்தார். முதற் பக்கத்தில் நீண்ட கோடு ஒன்று கிழித்து அதில் எட்டு ஸ்டேஷன்களைக் குறித்தார்: விசைப்பலகை, கணிப்பொறி, மோடம், சுவர்ப்பெட்டி, தொலைபேசி இணைப்பகம், சேவையாளரின் மோடம், சேவையாளரின் கணிப்பொறி, உலகம். "மோடத்தில் நின்று இரு பக்கமும் கேட்போம்" என்றார்.

வழிகாட்டி நூலில் கண்டபடி மினிகாம் என்னும் நிரலைத் திறந்து, அந்த இரண்டெழுத்து ஆணையை அடித்தேன். விடையில்லை. லினக்ஸில் கணிப்பொறியின் தொடர் வாயில்கள் சுழியிலிருந்து எண்ணப்படும். விண்டோஸில் முதல் வாயில் என்பது இங்கே சுழியாம் வாயில். நான்கு வாயில்களிலும் அடித்துப் பார்த்தோம். எங்கும் ஓ.கே. இல்லை. "இரண்டாம் ஸ்டேஷனுக்கும் மூன்றாம் ஸ்டேஷனுக்கும் இடையில் பழுது" என்று அவர் எழுதிக்கொண்டார். தொலைபேசித் துறைக்கு மூன்று மாதமாக நாங்கள் எழுதிய புகார்கள் அனைத்தும் வீண் என்று அந்நொடியில் விளங்கிற்று.

காரணம் இதுதான். கணிப்பொறியினுள் செருகியிருந்தது மலிவான உள் மோடம். முழு மோடத்தில் ஒலியை எண்ணாக்கும் கணக்கை மோடத்தின் சில்லுகளே செய்யும். மலிவு மோடத்தில் அச்சில்லுகளை நீக்கிவிட்டு, அவ்வேலையைக் கணிப்பொறியின் மூளையிடம் ஒப்படைத்தனர். அதற்கான மென்பொருளையோ பெரும்பாலும் விண்டோஸுக்கு மட்டுமே எழுதினர். வின்மோடம் என்பது இவ்வகைக்கு வழங்கிய பெயர். விண்டோஸில் அது பேசும், லினக்ஸில் ஊமை. பலகையை விற்ற கடைக்காரர் திரும்ப வாங்க மறுத்தார். "விண்டோஸில் வேலை செய்கிறதே!" என்பது அவர் வாதம். அதில் பொய்யும் இல்லை.

சிலவகை வின்மோடங்களுக்கு லினக்ஸ் அன்பர்கள் தாமே மென்பொருள் திரட்டி வைத்திருந்தனர். எங்கே? இணையத்தில்! இணையம் வருவதற்கு மென்பொருள் வேண்டும். மென்பொருள் வருவதற்கு இணையம் வேண்டும். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க அதே வாளியைத் தேடிய கதை. கடைத்தெருவில் மணிக்கணக்கில் இணையம் வாடகைக்கு விடும் இடத்தில் பிளாப்பித் தட்டில் இறக்கி வந்தேன். எங்கள் பலகைக்கு அது பொருந்தவில்லை. இரண்டு இரவுகள் போயின. மூன்றாம் நாள் பெரியவர் ஒரு புறநிலை மோடத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். தம் ஓய்வூதியத்தில் வாங்கியது. ரசீதை இன்றுவரை எவரும் கண்டதில்லை. சிறுவர்கள் ரேடியோ என்று எண்ணிய பெட்டி அதுவே.

அதனைப் பூட்டி இரண்டெழுத்தை அடித்தேன். கீழே ஓ.கே. என்று வந்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "எதிர்முனை இரண்டெழுத்துப் பேசினால் போதும், தம்பி. பிறகு நம் பாடு" என்றார்.

அடுத்த பழுது சிறியது. எண்ணைச் சுழற்றச் சொன்னால், 'டயல் ஒலி இல்லை' என்றது மோடம். காதுக்குழலை எடுத்துக் கேட்டால் நன்றாகக் கேட்கிறது. அமெரிக்காவின் டயல் ஒலி 350, 440 என்னும் இரு அதிர்வுகளின் சேர்க்கை. இந்தியாவில் 400 அதிர்வு. அதுவும் 25 அதிர்வால் நடுங்கும் ஒலி. அமெரிக்க ஒலிக்குப் பழகிய மோடம் சிலவற்றிற்கு நம் ஒலி ஒலியாகவே தோன்றுவதில்லை. ஒலிக்குக் காத்திராமல் சுழற்று என்று பொருள்படும் எக்ஸ் 3 என்னும் குறியை ஆணையில் சேர்த்ததும் சரியாயிற்று. அதன்பின் கீச்சென்றும் கரகரவென்றும் அந்த ஒலி எழுந்தது. அக்காலத்தில் வாழ்ந்தோர் செவியை விட்டு அது என்றும் அகலாது. 'கனெக்ட் 31,200' என்று வந்தது. நாற்பத்தைந்து விநாடியில் அறுந்தும் போயிற்று.

மறுமுறையும் நாற்பத்தைந்து. அதற்கடுத்த முறையும் நாற்பத்தைந்து. முதலில் அடுத்த அறையில் யாரோ இணைத் தொலைபேசியைத் தூக்குகிறார்கள் என்று எண்ணினேன். அதுவும் அந்நாளில் பெரும் தொல்லையே. பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தவர், "கம்பி கெட்டால் ஒரு நேரம் பத்து விநாடி, ஒரு நேரம் ஒரு நிமிடம் என்று அறும். ஒரே கணக்காய் அறுந்தால் யாரோ கணக்குப் பார்த்து அறுக்கிறான் என்று பொருள்" என்றார். அவ்வாறே இருந்தது.

இங்கே லினக்ஸின் ஒரு சிறப்பைச் சொல்ல வேண்டும். விண்டோஸில் இணைப்புத் தவறினால் ஒரு சிறு பெட்டியில் பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடும். லினக்ஸோ தான் செய்த ஒவ்வொன்றையும் மணி, நிமிடம், விநாடி குறித்து ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும். அதனைத் திரையில் கண்டதும் பெரியவர், "இது நம் டிரெயின் ரிஜிஸ்டர் அல்லவா!" என்று வியந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் ஒவ்வொரு வண்டிக்கும் லைன் கிளியர் கேட்ட நேரம், கிடைத்த நேரம், வண்டி புறப்பட்ட நேரம் அனைத்தையும் எழுதும் ஏடு அது. விபத்து விசாரணையில் முதலில் கேட்பதும் அதனையே. உண்மையைச் சொல்வதாயின், காலனியில் விண்டோஸ் வைத்திருந்தவர்கள் பத்து நிமிடத்தில் இணையம் பெற்றார்கள். நாங்கள் பட்ட பாடு அவர்களுக்கில்லை. ஆனால் பழுது வந்தபோது அவர்கள் கடைக்காரருக்காகக் காத்திருந்தார்கள்.

ஏட்டைப் படித்தோம். எண்ணைச் சுழற்றிய பின் எதிர்முனை 'லாகின்' என்று கேட்கும் என எங்கள் நிரல் காத்திருந்தது. முதலெழுத்து பெரியதா சிறியதா என்ற குழப்பம் வராதிருக்க, முதலெழுத்தை விட்டு 'ஆகின்' என்று மட்டும் எதிர்பார்க்கும்படி எழுதுவது அந்நாளைய வழக்கம். எதிர்முனை அவ்வாறு கேட்கவேயில்லை. நாற்பத்தைந்து விநாடி பொறுத்துப் பார்த்து எங்கள் நிரலே தொடர்பை அறுத்தது. பழைய சேவைகள் வாயிலில் நிறுத்திப் பெயர் கேட்டன. புதிய சேவைகள் பி.பி.பி. உரையாடல் தொடங்கிய பின், அதற்குள்ளேயே பெயரையும் கடவுச்சொல்லையும் பெற்றுக்கொண்டன. இரு ஸ்டேஷன்களும் ஒன்றுக்கொன்று லைன் கிளியர் கேட்கும் என்று காத்திருந்தால் எந்த வண்டி புறப்படும்? காத்திருக்கும் வரிகளை நீக்கி, பெயரையும் கடவுச்சொல்லையும் உரிய கோப்பில் எழுதினோம். இம்முறை ஏட்டில் வரிகள் மளமளவென்று வந்தன. இரு முனைகளும் விதிகளை ஒப்புக்கொண்டன. எங்கள் பெயர் ஏற்கப்பட்டது. எங்கள் கணிப்பொறிக்கு ஓர் இணைய எண் அளிக்கப்பட்டது.

ஆயினும் மதுரைத் திட்டத்தின் முகவரியை அடித்தால் பக்கம் வரவில்லை. எண் முகவரிக்குச் சோதனைச் செய்தி அனுப்பினால் பதில் வருகிறது. பெயருக்கு அனுப்பினால் இல்லை. இதனை நானே கண்டுபிடித்தேன் என்பதில் எனக்கு இன்றும் சிறு பெருமை உண்டு. பெயரை எண்ணாக மாற்றித் தரும் கணிப்பொறி எங்குள்ளது என்று குறிக்கும் கோப்பு வெறுமையாக இருந்தது. சேவையாளரின் தாளில் அச்சிட்டிருந்த இரண்டு எண்களை அதில் எழுதினேன். பக்கம் திறந்தது.

திறந்தது, ஆனால் தமிழ் இல்லை! திரை நிறைய மேற்குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகள். ஔவையார் பிரெஞ்சு பேசுவது போல் இருந்தது. எட்டு ஸ்டேஷன்களும் சரியாக இருந்தும் சரக்கு நம் கைக்கு வரவில்லை. அக்காலத்தில் கணிப்பொறித் தமிழுக்கு ஒரே குறிமுறை இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் விசைப்பலகைக்கும் குறிமுறைக்கும் தரங்கள் வகுத்தனர். அதற்கு முன்பே இணையத் தமிழர்கள் திஸ்கி என்னும் குறிமுறையைக் கண்டிருந்தனர். யூனிகோடு ஏட்டளவில் இருந்ததே அன்றிப் பெருவழக்கில் வரவில்லை. நாங்கள் இறக்கிய கோப்பு திஸ்கியில் இருந்தது. அதற்குரிய எழுத்துரு எங்கள் கணிப்பொறியில் இல்லை. இணையம்தான் வந்துவிட்டதே! எழுத்துருவை இறக்கி, உரிய இடத்தில் வைத்துத் திரையை மீண்டும் தொடங்கினேன்.

'ஆத்திசூடி' என்று கறுப்பு எழுத்தில் வந்தது. இரவு மணி பத்தே முக்கால். தீர்மானத்தின் கெடுவுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. பெரியவர் நெடுநேரம் திரையையே பார்த்திருந்தார். பிறகு, "தொடர்பை அறு தம்பி, மீட்டர் ஓடுகிறது" என்றார்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் பதினொரு குழந்தைகளுக்கும் ஆளுக்கொரு பிரதி அச்சிட்டுக் கொடுத்தோம். அவ்வாண்டு முழுதும் வாரம் ஒருமுறை, கட்டணம் பார்த்து, அரை மணி நேரம் மட்டும் இணைப்பது வழக்கமாயிற்று. ஒரு லட்சம் எழுத்துள்ள நூல் அரை நிமிடத்தில் வந்துவிடும். கொன்றை வேந்தன், மூதுரை, நல்வழி, திருக்குறள் என்று வந்தன. அன்று அந்தத் தாள்களில் படித்த சிறுமி ஒருவரே இன்று நம் ஞாயிறு வகுப்பை நடத்தி வருகிறார்.

2004இல் அரசு அகலப்பட்டைக் கொள்கையை அறிவித்தது. மறு ஆண்டு ஜனவரியில் பி.எஸ்.என்.எல். அச்சேவையைத் தொடங்கிற்று. நம் சங்கமும் சில ஆண்டுகளில் அதற்கு மாறிற்று. பெரியவர் 2009இல் காலமானார். அவர் வாழ்நாளெல்லாம் காத்த தந்தியும் 2013 ஜூலையில் பொதுமக்கள் சேவையிலிருந்து விடைபெற்றது. அமெரிக்காவில் கோடிக்கணக்கானோருக்கு எண் சுழற்றி இணையம் கொடுத்த ஏ.ஓ.எல். நிறுவனம் அச்சேவையை 2025 செப்டம்பர் 30ஆம் நாள் நிறுத்திக்கொண்டதாகச் செய்தித்தாளில் படித்தேன்.

பெரியவரின் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் நூலகத்தின் மூன்றாம் அலமாரியில், பழைய வரவு செலவுக் கணக்குகளுக்கு அருகே இருக்கிறது. அவர் குறித்த எட்டு ஸ்டேஷன்களும், ஒவ்வோர் இரவும் கண்ட பழுதும், நேரமும் அதில் உள்ளன. மோடத்தை நான் துடைத்து அதே தட்டில் வைத்திருக்கிறேன். சிறுவர்கள் எவரேனும் பார்க்க விரும்பினால், ஞாயிறு மாலை வகுப்பு முடிந்தபின் என்னிடம் சாவியைக் கேட்கலாம்.